நாணயத்தை நிறுத்துப் பார்த்த மன்னன்

(கொழும்பு, கிராண்ட்பாஸில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'பண்டைய உலகின் பேரரசுகள்'. ஒரு மணி நேரத்துக்குள் எகிப்து, கிரேக்கம், உரோம், பாரசீகம் என்று ஓடினால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஆகவே ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலங்கையை ஆண்ட மன்னன் ஒருவன் உரோம நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்து வியந்துபோனான் என்ற கதை. பத்திரிகைக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டுவதுதான். ஆனால் இந்தக் கதை இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 470 ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத சூழலில், இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மன்னன் வேறு, காசு வேறு, முடிவு மட்டும் ஒன்றே: உரோமனின் காசுதான் உயர்ந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

முதலில் எழுதியவர் உரோமரான மூத்த பிளினி. கி.பி. 77 அளவில் முடித்த 'இயற்கை வரலாறு' என்ற பெருநூலின் ஆறாம் பகுதியில் தப்ரபேன் என்ற பெயரில் நம் தீவு வருகிறது. அன்னியஸ் புளோக்கமஸ் என்றொருவர் செங்கடல் பகுதியின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வரியைத் தானே வசூலிக்காமல் தனியாருக்கு ஏலத்தில் விடுவது உரோம அரசின் வழக்கம். கிழக்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு 25 என்று வரி. ஒருகொடவத்தையில் கொள்கலனை விடுவிக்க நாள் கணக்கில் காத்து நிற்பவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். அந்தக் குத்தகைக்காரரின் செல்வாக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போனபோது காற்று அவனை அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் நம் தீவின் ஹிப்புரோஸ் என்ற துறையில் சேர்த்தது. மன்னன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அந்த ஆறு மாதத்தில் அவன் உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டானாம். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளை மன்னன் நிறுத்துப் பார்த்தான். காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள். எடை மட்டும் ஒன்றே. இவ்வளவு நேர்மையான நாடா என்று வியந்து, நான்கு பேரைத் தூதாக உரோமுக்கு அனுப்பினான். தூதர்களின் தலைவன் பெயர் ராக்கியாஸ்.

தூதர்கள் சொன்னதாகப் பிளினி எழுதிவைத்தவற்றில் நம் தீவின் சாயல் சில இடங்களில் தெரிகிறது. பல இடங்களில் தெரியவில்லை. ஐந்நூறு ஊர்கள் உண்டு, யானை வேட்டை உண்டு, முத்து உண்டு என்பதெல்லாம் சரி. அடிமைகள் இல்லை, வழக்கு வம்பு இல்லை, விடிந்த பிறகு தூங்குவார் இல்லை, தானிய விலை ஏறுவதே இல்லை, மன்னனை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், பிள்ளை பிறந்தால் அவன் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்றெல்லாம் எழுதும்போது பிளினி நம்மைப் பார்த்து எழுதவில்லை. தன் ஊர்ப் பணக்காரர்களைப் பார்த்துத் திட்டுகிறார். தானிய விலை ஏறாத இலங்கையை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

வானத்தைப் பற்றிய செய்திகள் இன்னும் சுவையானவை. உரோமில் நிழல் வடக்கு நோக்கி விழுவதையும் சூரியன் இடப்பக்கம் எழுந்து வலப்பக்கம் மறைவதையும் கண்டு தூதர்கள் வியந்தார்களாம். இது உண்மையான பயணி ஒருவனின் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஏப்ரல் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கும். அதன் பிறகு செப்ரெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நம் நிழல் தெற்கே விழுகிறது. வடக்கு நோக்கி நின்று அந்தச் சூரியனைப் பார்ப்பவனுக்கு அது வலப்பக்கம் எழும், இடப்பக்கம் மறையும். உரோமில் இது ஒருநாளும் நடக்காது. அங்கே உட்கார்ந்து கற்பனை செய்யக்கூடிய விடயமல்ல இது. ஆனால் அதே மூச்சில் பிளினி இன்னொன்றும் சொல்கிறார்: தூதர்கள் கார்த்திகை மீன்கூட்டத்தை உரோமில்தான் புதிதாகக் கண்டார்களாம். விளக்கீட்டு நாளில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்த எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டுச் சிரிக்கும். ஆக, ஒரே பத்தியில் கண்ணால் கண்டவன் சொன்னதும் இருக்கிறது, சொன்னதைத் தப்பாக விளங்கிக்கொண்டவன் எழுதியதும் இருக்கிறது. பிளினியை முழுதாக நம்புபவருக்கும் முழுதாக ஒதுக்குபவருக்கும் அந்தப் பத்தி இடம் கொடுக்காது.

புளோக்கமஸ் கற்பனை மனிதர் அல்லர். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், நைல் கரையிலிருந்து செங்கடலின் பெரனிக்கே துறைக்குப் போகும் பழைய வணிகப் பாதையில், வாடி மெனிஹ் என்ற இடத்திலுள்ள பாறை நிழலில், 'புப்லியஸ் அன்னியஸ் புளோக்கமஸின் ஆள் லைசாஸ் இங்கே வந்தேன்' என்ற பொருளில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒருவன் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அகஸ்டஸ் ஆட்சியின் 35ஆம் ஆண்டு. நம் கணக்கில் கி.பி. 6 ஜூலை மாதத் தொடக்கம். இந்தக் கல்வெட்டு 1953இல் அச்சேறியது. பிளினியோ தூது வந்தது கிளாடியஸ் காலத்தில், அதாவது 41க்கும் 54க்கும் இடையில் என்கிறார். அடிமை கிறுக்கியதற்கும் தூது வந்ததற்கும் இடையில் குறைந்தது 35 ஆண்டு. பயணம் முந்தியே நடந்து, கதைதான் பிந்தி எழுதப்பட்டது என்று சிலர் கொள்கிறார்கள்.

நம் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. மகாவம்சத்துக்கு எழுந்த உரையான வம்சத்தப்பகாசினி, பாதிகாபயன் என்ற அநுராதபுர மன்னன் மகாதூபத்தை அலங்கரிக்கப் பவள வலை செய்வதற்காக 'ரோமனுக்க' நாட்டுக்கு ஆள் அனுப்பினான் என்கிறது. அவன் ஆட்சிக்காலத்தைக் கணிப்பதில் இரண்டு வழி உண்டு. புத்தரின் பரிநிர்வாணத்தைக் கி.மு. 544இல் வைப்பவர்களுக்கு அவன் அகஸ்டஸ் காலத்தவன், கி.மு. 483இல் வைப்பவர்களுக்குக் கிளாடியஸ் காலத்தவன். எந்தக் கணக்கைப் பிடித்தாலும் ஓர் உரோமப் பேரரசன் கைக்கு எட்டுகிறான்! இது வரலாற்றாசிரியருக்கு வாய்த்த அதிர்ஷ்டமா, தலைவலியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பவளம் மட்டும் நன்றாகப் பொருந்துகிறது. உரோமப் பெண்கள் முத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டார்களோ அவ்வளவு ஆசை இந்தியர்களுக்குப் பவளத்தின்மேல் என்றும், அந்தக் கிராக்கியால் மத்தியதரைக் கடல் பக்கத்திலேயே பவளம் அருகிவிட்டதென்றும் பிளினியே வேறோர் இடத்தில் எழுதுகிறார்.

சரி, நாணயத்துக்கு வருவோம். பிளினி தன் நூலை முடித்தது 77இல் என்றேன். அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன், கி.பி. 64இல், நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தான். ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தது போய் 96 காசு அடிக்கத் தொடங்கினார்கள். வெள்ளியின் மாற்றும் குறைந்தது. ஆகவே பிளினியின் வாசகன் மடியில் இருந்த காசுகள் ஒரே எடையில் இருக்கவில்லை. பழைய காசைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுப் புதிய காசைச் செலவழித்த காலம் அது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், கரூர்ப் பக்கங்களில் குடம் குடமாகக் கிடைத்த உரோம வெள்ளியைப் பாருங்கள்: அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுதி. கொங்கு நாட்டு வணிகன் நீரோவுக்குப் பிந்திய வெள்ளியைத் தொட விரும்பவில்லை. செட்டியார் தெருவில் உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் பத்தர் எப்படியோ அப்படித்தான் அவனும்; தலை யாருடையது என்று பார்க்கமாட்டான், உரைத்துப் பார்ப்பான். 'எங்கோ ஒரு தீவின் மன்னன் நம் காசின் எடையைக் கண்டு மயங்கினான்' என்று எழுதியபோது பிளினி கை நழுவிப்போன ஒன்றைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியா மட்டும் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று புலம்பியவரும் இதே மனிதர்தான்.

இப்போது இரண்டாவது கதை. கி.பி. 550 அளவில் கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர், துறவியான பின் எழுதியது. இந்தியர் இத்தீவைச் சீலதீபம் என்பர் என்கிறார். தீவின் இடைநிலை வணிகத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன மேல்நாட்டவர் அவருக்கு முன் இல்லை: சீனத்துப் பட்டும் அகிலும் கிராம்பும் சந்தனமும் இங்கே வந்து இறங்கி, மேற்கே மலபாருக்கும் பாரசீகத்துக்கும் எத்தியோப்பியாவுக்கும் போகின்றன, அங்கிருந்து வருபவை கிழக்கே போகின்றன. இரண்டு அரசர்கள், ஒருவருக்கொருவர் பகை; ஒருவரிடம் மாணிக்கம் விளையும் நாடு, மற்றவரிடம் துறைமுகமும் ஏனைய நிலமும். பாரசீகக் கிறிஸ்தவர்களின் தேவாலயம் ஒன்றும் உண்டு என்கிறார். அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையை இந்தச் செய்தியோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்.

கொஸ்மாஸ் எழுதுவதற்கு 35 ஆண்டு முன் காலமான சொபத்ரோஸ் என்ற உரோம வணிகன், இன்றைய எரித்திரியாவிலுள்ள அதூலிஸிலிருந்து கப்பலேறி இங்கே வந்தான். அதே நேரத்தில் பாரசீகத்திலிருந்தும் ஒருவர் வந்திறங்கினார். சுங்க அதிகாரிகள் இருவரையும் மன்னன் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உங்கள் இரண்டு அரசரில் யார் பெரியவர் என்று மன்னன் கேட்டான். பாரசீகர் முந்திக்கொண்டு தன் மன்னன் புகழை அளந்து கொட்டினார். சொபத்ரோஸ் வாய் திறக்கவில்லை. 'நீ ஏன் பேசவில்லை?' என்று மன்னன் கேட்டபோது, 'இரண்டு அரசரும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்து முடிவு செய்யுங்கள்' என்று இரண்டு நாட்டுக் காசையும் எடுக்கச் சொன்னான். ஒன்று பளபளக்கும் தங்கம். மற்றது வெள்ளி. மன்னன் தங்கத்தை மெச்சினான். சொபத்ரோஸை யானைமேல் ஏற்றி, பறை முழங்க, நகர்வலம் விட்டான். பாரசீகர் தலை குனிந்தார்.

தங்கத்தையும் வெள்ளியையும் பக்கத்தில் வைத்துப் போட்டி நடத்துவது என்ன நியாயம் என்று கேட்க அங்கே ஆளில்லை. கதை சொல்லும் உரோமனுக்கும் அந்தக் கேள்வி எழவில்லை, ஏனென்றால் கதைக்கு வெளியே நடந்தது வேறு. ஏறத்தாழ 531ஆம் ஆண்டில் பேரரசன் ஜஸ்டினியன், பட்டை இந்தியரிடம் நேரே வாங்கி எங்களுக்கு விற்றுத் தாருங்கள் என்று எத்தியோப்பியரைக் கேட்டான். அவர்களால் முடியவில்லை. இந்தியக் கப்பல்கள் வந்து சேரும் துறைகளில் பாரசீக வணிகர் முன்கூட்டியே உட்கார்ந்து முழுச் சரக்கையும் வாங்கிவிடுகிறார்கள் என்று காரணம் எழுதுகிறார் அக்கால வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ். சந்தையில் தோற்றவன் அரசவையில் வென்றதாகச் சொல்லிக்கொண்ட கதைதான் சொபத்ரோஸின் யானைச் சவாரி.

முன்னவர் வெள்ளி மெலிந்த பிறகு எழுதினார். பின்னவர் பட்டுச் சந்தை கைவிட்டுப் போன பிறகு எழுதினார். இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல, தூரத்தில், நடுநிலையான ஓர் அரசன் தேவைப்பட்டான். இலங்கை மன்னன் அந்த வேலைக்குக் கிடைத்தான். இதை நம் மன்னனுக்குக் கிடைத்த பெருமை என்று நாம் கொண்டாடுவதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவன் அங்கே பேசுவது உரோமனின் வசனத்தை.

மண் என்ன சொல்கிறது? பிளினி சொல்லும் காலத்து வெள்ளிக்காசு தென்னிந்தியாவில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்க, இலங்கையில் அது மிக அரிது. இங்கே அள்ள அள்ளக் கிடைப்பது நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக்காசு. மாந்தை, அநுராதபுரம், சிகிரியா, திஸ்ஸமகாராம என்று தீவெங்கும். கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலேயே இவை விரிவாகப் பேசப்படுகின்றன. கையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். விரல் நகம் அளவு, எடை ஒரு கிராமை ஒட்டி. முகம் தேய்ந்து மொழுக்கென்றிருக்கும். பின்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், வெற்றித் தேவதை ஒரு கைதியைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போவது மங்கலாகத் தெரியலாம். உரோமப் பேரரசின் ஆகக் கீழான சில்லறை இது. அதுவும் போதாமல் உள்ளூரிலேயே போலி வார்த்திருக்கிறார்கள். அவற்றில் எழுத்து வெறும் கோடுகளாகிவிட்டது. மன்னன் தராசில் வைத்து வியக்கக்கூடிய காசல்ல இது. அரிசி வாங்கவும் எண்ணெய் வாங்கவும் ஆயிரம் கை மாறித் தேய்ந்த காசு.

மாந்தையில் காசு கிடைப்பது புதிதல்ல. 1574-75 அளவில் மன்னாரின் போர்த்துக்கேயத் தளபதி, எதிர்க்கரையில் மாதோட்டம் எனப்பட்ட மாந்தையின் பழைய கட்டடங்களை இடித்தபோது ஒரு செப்புக்காசும் ஒரு பொற்காசும் கிடைத்ததாகக் கூட்டோ என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். பொற்காசில் அரைகுறையாகத் தெரிந்த எழுத்தைப் படித்துப் பார்த்து, இது பிளினி சொன்ன கிளாடியஸ்தான் என்று அவர் முடிவு கட்டினார். தேடிப் போனது கிடைத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அப்படியானால் முதலாம் நூற்றாண்டில் நம் முத்தும் மாணிக்கமும் ஆமையோடும் உரோமுக்கு எப்படிப் போயின? கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ நேராகவே பதில் சொல்லிவிட்டார்: தப்ரபேனின் யானைத் தந்தமும் ஆமையோடும் பிறவும் இந்தியச் சந்தைகளுக்குத்தான் போகின்றன. முதலாம் நூற்றாண்டில் 'செங்கடல் பயண நூலை' எழுதிய பெயர் தெரியாத வணிகர் முசிறியின் மிளகு வியாபாரத்தை மூட்டை அவிழ்த்துக் காட்டுவதுபோல விவரிக்கிறார். நம் தீவு என்றதும் அது ஆபிரிக்கக் கரையைத் தொடும் அளவுக்கு நீண்டது என்கிறார். அவர் இங்கே வந்ததில்லை, வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி வரைந்த இலங்கையும் உண்மையைவிடப் பதினான்கு மடங்கு பெரியது. ஆனால் அதற்குள் அநுராதபுரம் அரசிருக்கையாகச் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கரையோரப் பெயர்களை யாரோ ஒருவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதினால் இப்படித்தான் வரும்: பெயர் சரியாக, தூரம் தாறுமாறாக.

அந்த 'யாரோ ஒருவர்' யார் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விடயம்: இரு கரைக்கும் இடையில் ஓடிய உள்ளூர்க் கடற்காரரும் வணிகரும். செங்கடல் பயண நூல் தமிழ்நாட்டுக் கீழைக்கரையில் உள்ளூர்க் கப்பல்களைக் காட்டுகிறது: மரங்களைப் பிணைத்துச் செய்த பெரிய தோணிகள், கங்கைக்கும் கடாரத் திசைக்கும் போகும் பெருங்கப்பல்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்தவற்றில் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. மறுமுனையில், எகிப்தின் பெரனிக்கேயில், சேராபிஸ் கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அங்கேயும் குசைர் அல் கதீமிலும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கண்ணன் என்றும் சாதன் என்றும் பெயர்கள். எவனோ ஒரு கண்ணன் தன் பானை மற்றவன் பானையோடு கலந்துவிடக்கூடாது என்று கீறிய பெயர். அவன் எந்த மன்னனையும் வியக்கவைக்கவில்லை. திஸ்ஸமகாராமவில் கிடைத்த ஓடொன்றை 'திரளி முறி' என்று ஐராவதம் மகாதேவன் வாசித்தார். அந்த வாசிப்பை ஏற்காதவர்களும் உண்டு. ஓர் ஓட்டில் நாலைந்து எழுத்து இருந்தால் சண்டை நாற்பது ஆண்டுக்கு நடக்கும், அது நம் துறையின் இயல்பு.

வியாபாரத்தின் அளவு தெரியவேண்டுமானால் வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் தாளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டு. முசிறியிலிருந்து எகிப்துக்குப் போன ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கும் கடன் ஒப்பந்தமும் அதில் உள்ளன. ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு சுமார் 70 இலட்சம் செஸ்டர்ஸ். பிளினி புலம்பிய ஐந்து கோடி இப்படிப்பட்ட ஏழெட்டுக் கப்பலுக்குள் அடங்கிவிடும்.

இலங்கைக்குள் வந்தால், எனக்கு மிகப் பிடித்த சான்று அநுராதபுரத்தில் அபயகிரிப் பக்கம் உள்ள ஒரு பாறைத் தளம். பரணவிதான 1940இல் இதை வெளியிட்டார். தமிழ் இல்லறத்தாரின் மண்டபம், தமிழனான சமணன் என்பவன் செய்வித்தது என்று பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் வெட்டியிருக்கிறது. அதோடு நிற்காமல் பாறையில் ஆளாளுக்கு இருக்கை ஒதுக்கிப் பெயர் பொறித்திருக்கிறார்கள்: சக, நசத, குபிர சுஜாத, அப்புறம் கப்பலோட்டியான காரவன். வவுனியாவுக்கு அருகே பெரியபுளியங்குளத்தில் விசாகன் என்ற தமிழ் வணிகனின் குகைத் தானமும் ஏறத்தாழ இதே காலத்தது. இவை எல்லாம் கிறிஸ்துவுக்கு முந்தியவை. பிளினி சொன்ன ஆள் காற்றில் அடிபட்டு வந்து சேர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்.

அந்தப் பாறையைத் தமிழர் ஆட்சியின் பட்டயமாகக் காட்டுவோர் இருக்கிறார்கள். வெளியார் வந்து குந்தியதற்குச் சான்று என்போரும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் அதில் ஒரே ஒரு சொல்லைத்தான் வாசிக்கிறார்கள். முழுதாக வாசித்தால் தெரிவது ஒரு வியாபாரச் சங்கம். பௌத்த நகரின் நடுவில், அந்நாட்டின் பொது எழுத்தில், பொது மொழியில், யார் எங்கே உட்காருவது என்று கல்லில் வெட்டி வைத்த கடற்காரரும் வணிகரும். குதிரை வாணிகனின் மக்களான சேனனும் குத்திகனும் 22 ஆண்டு அநுராதபுரத்தை ஆண்டார்கள் என்று மகாவம்சம் சொல்வதும் இதே உலகத்தைத்தான். கடலில் குதிரை ஏற்றிவந்தவனுக்கு அரண்மனை வாசல் எட்டாத தூரத்தில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கல்வெட்டுகளின் வணிகரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தானம் கொடுத்ததால்தான். வியாபாரம் செய்தவன் கணக்கை ஓலையில் எழுதினான், அது செல்லரித்துப் போனது. அறம் செய்தவன் கல்லில் எழுதினான், அது நிற்கிறது. அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயாவில், இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கஜபாகு மன்னன் அந்தத் துறையின் சுங்க வருமானத்தை விகாரைக்கு எழுதிவைத்த கல்வெட்டு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வந்தவனாகச் சொல்லப்படும் கயவாகு இவனே என்று கொள்வர். கொடவாயா ஒரு துறை என்பதும், அங்கே சுங்கம் பிரிந்தது என்பதும், அந்த நன்கொடை இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திராது. இந்த அறக்கட்டளையை நிறுவியவரும் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்தவர் என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். பொருத்தமான வரிசையில்தான் நிற்கிறார்.

கிராண்ட்பாஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாணவர் தேநீர் நேரத்தில் கேட்டார். நேரான சம்பந்தம் இருப்பதாக நான் கதை கட்டமாட்டேன். பிளினி காலத்துப் பெருந்துறை மாந்தை. கொழும்பு எழுந்தது பிறகு. 1344இல் இபன் பதூதா வந்தபோதுதான் கலன்பு என்று அது நன்றாகக் கண்ணில் படுகிறது. ஆனால் மழை பெய்தால் வானொலியில் நீர்மட்டம் வாசிப்பார்களே, அந்த நாகலகம் வீதி அளவுகோல் நிற்கும் ஆறு பழைய ஆறுதான். மகாவம்சம் கல்யாணி என்கிறது. நாக மன்னன் மணியக்கிகன் ஆண்ட இடம், புத்தர் எழுந்தருளிய இடம் என்கிறது. போர்த்துக்கேயர் இந்தக் கடவைக்குப் பெயரிட்டார்கள், 1822இல் பிரித்தானியர் படகுகளைப் பிணைத்துப் பாலம் போட்டார்கள், 1895இல் விக்டோரியா பாலம் வந்தது. மலைநாட்டிலிருந்து ஆற்றோடு இறங்கும் பாதைக்கு இந்தக் கரை எப்போதும் வாசல். மாணிக்கம் விளையும் சபரகமுவைப் பக்கத்து மலைகள் அந்த வாசலுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

மாந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியதால் அந்த ஊர் நமக்குக் கோயிலாகத் தெரியும். அகழிகள் சூழ்ந்த துறைமுகமாகத் தெரிவதில்லை. 1926 தொடங்கி ஹோகார்ட் தோண்டினார், 1950களின் தொடக்கத்தில் சண்முகநாதன் தோண்டினார், 1980இல் ஜோன் கார்ஸ்வெல் குழு தொடங்கி 1984இல் போர் காரணமாக நிறுத்தியது. அதன் அறிக்கை நூலாக வர 2013 ஆயிற்று. முப்பது ஆண்டு! போருக்குப் பிறகு மீண்டும் தோண்டியபோது எடுத்த மண்ணைச் சலித்து மிளகும் கிராம்பும் கண்டார்கள். கிராம்பு கி.பி. 900க்குப் பிந்தியது, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்திருக்க வேண்டியது. கொஸ்மாஸ் சொன்ன கிராம்பு வியாபாரத்துக்கு, அவருக்கு முந்நூற்றைம்பது ஆண்டு பிந்திக் கிடைத்த ஒற்றை மொட்டு.

கடைசியாகக் கப்பல். கொடவாயாவுக்கு வெளியே, முப்பது மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில், 2003இல் சுழியோடிய உள்ளூர் மீனவர் இருவர் அதைக் கண்டார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. இந்து சமுத்திரத்தில் இதுவரை தெரிந்த கப்பற் சிதைவுகளில் ஆகப் பழையது. சரக்கு: உருக்கி வார்த்த கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள், அம்மிக் கற்கள். அம்மிகளில் மங்கலச் சின்னங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிளினி வியந்து எழுதிய முத்தும் இல்லை, மாணிக்கமும் இல்லை. கண்ணாடிக் கட்டியை வாங்கி உருக்கி மணி செய்ய ஒரு பட்டறைக்காரன் கரையில் காத்திருந்தான். அந்த ஓட்டத்தில் சரக்கு அவனுக்குப் போய்ச் சேரவில்லை.